லிப்டுப் பட்டியலில் இரண்டு பேர்

மூன்றாவது மாடிக்கு வந்திருந்தேன். எட்டாவது மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பை. முப்பத்தோரு வருஷமாக ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு மேற்பார்வையும் நான்தான். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. ஊரில் ஆளில்லை, வேறென்ன?

ரசாயன நூல் ஆலை ஓடிய காலத்தில் டான்யூப் ஆற்றங்கரையில் எண்பதாயிரம் பேர் இருந்தோம். ஆலையை மூடினார்கள். அக்கரை நாட்டுக்குப் பாலம் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். பாலமும் வந்தது. லாரிக்காரர்கள் ஒரு காபி குடிக்கக்கூட நிற்பதில்லை, நேரே போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் முப்பதாயிரத்துக்குக் கீழே போனால் பிரசவ வார்டை அடுத்த மாவட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம். வார்டு போனால் என் வேலையும் போயிற்று.

ஆகவே தலைகளைப் பிச்சை கேட்பது போலக் கேட்டுக்கொண்டு வருகிறேன். சனங்களோ என் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்கிறார்கள். லிப்டுக் காசு தலைக்கு இவ்வளவு என்று இருபது வருஷமாக வசூலிப்பவளும் நான்தானே. வாசலில் நான்கு ஜோடி செருப்பு கிடக்கும், "ஒருத்திதான்" என்பாள். துருக்கியர் எங்களை ஆண்ட காலத்திலிருந்தே தலையை எண்ண வந்தவன் வரிக்குத்தான் வந்தான். இவர்களைச் சொல்லி என்ன பயன்?

கதவைத் திறந்தவர் டிமோ. ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். கஞ்சத்தனத்தில் அவரை மிஞ்ச இந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

"எத்தனை பேர்ண்ணே?"

"என்ன புதுசா கேக்கற? ஒண்டிக்கட்டைதான்."

"உள்ள குழாய் ஓடுதே."

"வாஷர் தேஞ்சிருக்கு."

உள்ளே யாரோ இருமினார்கள்.

"உங்க வாஷருக்குச் சளி பிடிச்சிருக்கு போல."

அவர் சிரிக்கவில்லை. "நான் லிப்டுல கால் வச்சு ஆறு வருஷம் ஆச்சு, ரட்கா."

"இது லிப்டுக்கு இல்லண்ணே. ஆள் கொறைஞ்சா எங்க வார்டை மூடிடுவாங்க. நான் எங்க போவேன்?"

என் தோள்பையைக் கைகாட்டினார். "சரி. உன் வீட்டுக்கு எத்தனைன்னு எழுதின?"

தாளை மார்போடு சேர்த்துக்கொண்டேன். கீழே லிப்டுக் காசுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பதினொரு வருஷமாக 2 என்றுதான் இருக்கிறது. மகள் இவெத்தா போயும் அவ்வளவு காலம் ஆகிறது; வெளிநாட்டில், வலென்சியாவில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அழிக்கத்தான் கை வரவில்லை. இன்று காலை கணக்கெடுப்புத் தாளிலும் அவளைச் சேர்த்தே எழுதியிருந்தேன். ஊருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நான் இருக்கறவங்கள ஒளிக்கிறேன். நீ இல்லாதவளுக்குக் காசு கட்டற," என்றார் டிமோ. "மொதல்ல நீ உண்மைய எழுது. அப்புறம் நான் சொல்றேன்."

தாளைச் சுவரில் வைத்து அவள் பெயரை அடித்தேன். கோடு கோணலாகப் போயிற்று. பெற்றவளே அடிக்கிறேனே என்றிருந்தது. டிமோ தாளைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிலியானா, வெளிய வாம்மா."

அவருடைய பேத்தி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம், பார்த்தாலே தெரிந்தது. புருஷனுக்குப் பாலத்துச் சோதனைச்சாவடியில் வேலையாம், மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறார்களாம். ஒன்றை மூன்றாக்கினேன்.

"இதுக்கும் ஒரு கட்டம் இருக்கா அத்தை?" வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"பொறந்தாத்தான். எங்க காட்டிக்கற?"

"தலைநகர்ல, சோபியாவுல. ரயில்ல போக ஒரு நாள், வர ஒரு நாள். இங்க மூடிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூடுவதற்கு முன்பே எங்களை மூடிவிட்டார்கள்.

"இன்னும் மூடல. உனக்கு எப்போ?"

"ஜனவரி கடைசி."

"கணக்கு முடிவு வசந்தத்துலதான் வரும். அதுவரைக்கும் நான் இருக்கேன். திங்கக்கிழமை வா."

கீழே இறங்கினேன். வாசல் கதவில் செத்துப்போன குடித்தனக்காரர்களின் இரங்கல் தாள்கள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் லிப்டுப் பட்டியல். டிமோவுக்கு நேரே 1. திருத்தப் பேனாவை எடுத்தேன். லிப்டுக்கு இல்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே, அப்படியே விட்டேன்.

என் பெயருக்கு நேரே இருந்த இரண்டின் மேலும் பேனாவை வைத்தேன். சர்க்கார் தாளில் அடித்தாகிவிட்டது, அது போதும். அடுத்த மாதமும் இரண்டு பேருக்குக் கட்டிவிடலாம் என்று பேனாவை மூடினேன்.