ஒரு சோடி நீலத்துணி

1961ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இருபதாம் நாள், புதன்கிழமை மாலை, விஸ்வநத்தம் சாலையில் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் வேலை முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு, வாசல் கொடியில் நீலத்துணி ஒரு சோடி குறைந்தது. தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. ஆமத்தூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைய கழிவு வெடிமருந்து குழியில் கொளுத்தப்படாமல் கிடந்தது.

அந்த ஆலையில் ரோந்து என்று மூன்று பேர் இருந்தனர். மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு வந்த நர்ஸ் இசபெல் அவர்களுக்குத் தலைவி. கழிவைக் கொளுத்துபவன் கருப்பணன். வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே விடுபவள் இருளம்மாள். ஊர் ஊராகப் பட்டாசு கொளுத்தி மகிழ்ந்தவர்களில் ஒருவருக்கும் இம்மூவர் இருப்பது தெரியாது. விடியுமுன் வந்து, ஒவ்வோர் அறையிலும் தரையை உள்ளங்கையால் தடவி, ஒரு மணல் துகள்கூட இல்லை என்று உறுதி செய்வார்கள். வாளிகளை நிரப்புவார்கள், கோணிச் சாக்குகளை நனைத்து நிலைப்படியில் விரிப்பார்கள். இசபெல் கையசைத்த பிறகே வாசல் திறக்கும். வெயில் மிஞ்சினால் மருந்து கலக்கும் அறையை மூடச் சொல்வதும், இடி உறுமினால் எல்லோரையும் வெளியேற்றுவதும் அவர் அதிகாரம். மாலையில் கடைசியாக வெளியேறுபவர்களும் அவர்களே.

உரசினால் பொறி பறக்கும் என்பதால் உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது ஆலையின் விதி. வளையலும் கொண்டை ஊசியும் வாசல் பெட்டியிலேயே தங்கிவிடும். மெட்டியைக் கழற்றச் சொன்னபோது மட்டும் பெண்கள் அசையாமல் நின்றுவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கையில் அவர்களுக்கு அது ஆகாத காரியம். இருளம்மாள்தான் வழி கண்டாள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, மெட்டி வெளியே தெரியாதபடி இரண்டு கால்விரல்களையும் சுற்றிக் கட்டினாள். மருந்து அடைக்கும் அறைக்கு நீலம், திரி வைக்கும் அறைக்கு மஞ்சள் என அறைக்கொரு நிறம் வைத்தது இசபெல். மாலையில் இருளம்மாள் அவிழ்த்து உதறும் துணிகள் சோடி சோடியாகக் கொடியில் ஏறும். கொடி நிறைந்தால் மெட்டி போட்டவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று பொருள். மற்றவர்களைத் தலை எண்ணி விடுவார்கள். அதன் பிறகே கருப்பணன் குழிக்குத் தீ வைப்பான்.

பிற்காலத்தில் இசபெல் அந்த மாலைகளை நினைக்கும்போதெல்லாம் அவர் காதில் முதலில் விழுந்தது வெடிச்சத்தம் அல்ல. கல்லில் வரிசையாக உட்கார்ந்து கால் நீட்டிய பெண்களின் சிரிப்புத்தான். ஒருத்தியின் மெட்டியை இன்னொருத்தி கேலி செய்வாள். "காலை நீட்டு தாயி, என்னமோ மருதாணி வச்சு விடப்போறாப்புல நெளியுதே" என்று இருளம்மாள் அதட்டுவாள். கந்தக வாடையும் வேப்பங்காற்றும் கலந்து வீசும். அலுமினியத் தூள் படிந்த முகங்கள் மாலை வெயிலில் வெள்ளிப் பொம்மைகளாக மின்னும்.

அந்தப் புதன்கிழமை மழைக்குப் பயந்து எல்லோரும் முண்டியடித்துக் கலைந்தனர். கொடியைப் பார்த்த இசபெல் கருப்பணனைக் கைகாட்டி நிறுத்தினார். அறைகள் அனைத்தையும் பார்த்துப் பூட்டிவிட்டதாக அவன் சொன்னான். அவருக்கு அது போதவில்லை. குழிக்கு அப்பால் உடைமுள் புதர் அடர்ந்து கிடந்தது. பெண்கள் ஒதுங்குவது அங்கேதான். போன கோடையில் ஒருத்தி மயங்கி விழுந்து கிடந்ததும் அங்கேதான். குழி பற்றினால் அந்த முள்ளும் சேர்ந்து பற்றும்.

மேலாளர் சீனிவாசகம் குடையோடு வந்தார்.

"எவளாவது அவுக்க மறந்து வீட்டுக்குப் போயிருப்பா, நர்சம்மா. மழை விழுந்து அந்தக் குப்பை நனைஞ்சா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

"வேண்டாம். நனைஞ்ச மருந்து ராத்திரி பூராவும் சூடேறும். காலையில ஆளுக உள்ள வார நேரத்துல தானாப் பிடிச்சாலும் பிடிக்கும்."

"பெறகு?"

"துணி வரட்டும்."

சீனிவாசகம் கெட்ட மனிதர் அல்லர். அவர் அஞ்சியதும் நியாயமானதே; இசபெலுக்கும் அதே அச்சம் இருந்தது. ஆயினும் ஆள் உள்ளே இல்லை என்று தெரியாமல் நெருப்பு வைப்பதில்லை என்பதை அவர் எவருக்காகவும் தளர்த்தியதில்லை. லோடு வண்டியின் தார்ப்பாயைக் கொண்டுவரச் செய்து குழியை மூடினார். நான்கு மூலைக்கும் மண்மூட்டை வைத்துவிட்டுக் கருப்பணன் காவல் நின்றான். இசபெலும் இருளம்மாளும், யாரென்று தெரியாததால், முள்ளுக்குள் பெயர் சொல்லாமல் கூவிக்கொண்டே தேடினார்கள். இசபெலின் வெள்ளைச் சேலை இரண்டு இடத்தில் கிழிந்தது. அங்கே யாரும் இல்லை.

திரும்பும் வழியில் இருளம்மாள் சட்டென்று நின்றாள்.

"ராக்காயி காலை இன்னைக்கு நான் தொடவே இல்ல, நர்சம்மா. காலையிலயும் 'நானே கட்டிக்கிடுதேன்க்கா'ன்னு துணியைப் பிடுங்கிட்டுப் போனா. கூட்டத்துல எனக்கு உறைக்கல."

ராக்காயி நாரணாபுரத்துப் பெண். மருந்து அடைப்பதில் கைதேர்ந்தவள். சீனிவாசகம் முணுமுணுத்துக்கொண்டே கம்பெனி வேனைக் கொடுத்தார். வழி நெடுக இசபெல் அவளைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். ஒழுங்கு என்றால் என்னவென்று அவளுக்கு அன்று ஒரேயடியாக விளங்கவைத்துவிடுவதாக இருந்தார்.

ராக்காயி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டப்படவில்லை. சேலைத் தலைப்பு பாதத்தை மூடியிருந்தது. அதன் ஓரத்தில் நீலம் தெரிந்தது. அவள் உயிரோடு இருப்பதைக் கண்டதும் இசபெலின் கோபம் வெளிவந்தது.

"நீ முள்ளுக்குள்ள கெடக்கேன்னு நாங்க தேடுதோம். நனையப்போற மருந்துக்குப் பக்கத்துல ஒருத்தன் காவல் நிக்கான். அவுத்துக் கொடுக்க என்ன கேடு உனக்கு?"

அவள் தலைப்பை இன்னும் இழுத்துப் பாதத்தை மூடினாள். வீட்டில் ஆண் வாடையே இல்லை என்பதை இசபெல் அப்போதுதான் கவனித்தார். கொடிக்கம்பில் அவள் புருஷன் தனுஷ்கோடியின் வேட்டி சட்டை எதுவும் தொங்கவில்லை. அவன் எங்கே என்று கேட்டார்.

"கேரளத்துக்குப் போயிட்டாரு. தனியாப் போகல." ராக்காயியின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நேத்து அவர் போகையில நானே கழத்தி அவர் முதுகுல வீசிட்டேன். ஆத்திரத்துல செஞ்சது. உசுரோட இருக்கவனுக்கு மெட்டியைக் கழத்துன சண்டாளின்னு சொல்லுவாக. இருளம்மாக்கா அவுக்கையில எல்லாரு கண்ணும் கால்லதான நர்சம்மா இருக்கு."

வண்டியில் அடுக்கி வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இசபெலுக்குப் பயன்படவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, புண்ணுக்குக் கட்டவிழ்ப்பது போல இரண்டு துணிகளையும் தாமே அவிழ்த்தார். மெட்டி கிடந்த இடத்தில் விரலைச் சுற்றி வெளுத்த தடம் இருந்தது. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்கு வரணும்" என்றார். "கட்டுறதை நான் பாத்துக்கிடுதேன்."

நீலத்துணி கொடியில் ஏறிய பிறகு தார்ப்பாய் நீங்கியது. ஓரத்தில் மட்டும் சாரல் தொட்டிருந்தது. கருப்பணன் தீ வைத்தான். பச்சையும் சிவப்புமாகப் பொங்கிய சுவாலையில் உடைமுள்ளின் ஒரு பக்கம் முழுவதும் கருகியது. அதைச் சீனிவாசகம் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குழி சாம்பலான பின் மழை கொட்டியது.

மறுநாள் காலை மேலாளர் அறையில் கூடிப் பேசினார்கள். ராக்காயியை நிறுத்திவிட வேண்டும் என்று சீனிவாசகம் தொடங்கினார். ஏன் துணியோடு போனாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது தமக்கும் அவளுக்கும் உள்ளது என்று சொல்லி, இசபெல் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது, மெட்டி போட்டவர்களுக்கு மட்டும் துணி என்று வைத்தது தம் பிழை என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் துணி என்றதும் கருப்பணன் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப எனக்கும் மெட்டியா?"

"உனக்கு மெட்டி போட எவ வருவா? துணியாவது கட்டிக்கோ, ஏலே" என்றாள் இருளம்மாள். சீனிவாசகம்கூடச் சிரித்துவிட்டார்.

இறுதியில் முடிவானது இது. வாசலைத் தாண்டும் ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், மெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலாளர் உட்பட, காலில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் ஓலைத்தட்டிக்குள், ஒரு நேரத்தில் ஒருவராக நடக்க வேண்டும். குழியை ஒட்டிய உடைமுள்ளை வெட்டிவிட்டு, பெண்களுக்கு மறைப்பை வாசல் பக்கம் கட்ட வேண்டும். துணி குறைந்தால் தீ வைப்பதில்லை. அதில் இசபெலின் சொல்லே கடைசிச் சொல். ராக்காயிக்கு அரைநாள் கூலி பிடிக்கப்பட்டது. அவள் மருந்து அடைக்கும் அறையிலேயே வேலையைத் தொடர்ந்தாள்.