வாசித்துக் காட்டப்பட்டது

"வயித்துவலின்னு போடு," என்றார் சித்தப்பா. "நாலு வருஷமா இருந்துச்சு, தாங்க முடியாம பூச்சிமருந்தைக் குடிச்சுட்டா, எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல. அவ்வளவுதான். பத்திர ஆபீஸ்காரிக்கு நான் சொல்லித் தரணுமா?"

அக்காக்காரி சாப்பாட்டு மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் தங்கை கிடந்தாள். வாயாடி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். நேற்று மாலை வரை அந்தப் பெயருக்குக் குறை வைக்காதவள்.

எதிரே ஏட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார். "காகிதம் ஒண்ணு கையில இருந்தாப் போதும். பன்னெண்டு மணிக்குள்ள எரிச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது."

அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அக்காக்காரிதான். கரண்ட் பில் தகராறிலிருந்து நிலத்து மனு வரை எல்லாம் அவள் கைதான். போன வாரமும் சித்தப்பா சொல்லச் சொல்லப் போனில் தட்டினாள்: 'அப்பா மனசு மாறிட்டாரு. உங்க ரெண்டு பேரையும் ஏத்துக்கறோம். முதல்ல நீ மட்டும் வா.' வாயாடி ஒரு லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கா எழுதினால் பொய் இருக்காது என்று கிளம்பி வந்துவிட்டாள். அக்காவும் நம்பித்தான் தட்டினாள். அந்த நம்பிக்கை இப்போது எதற்கும் உதவாது.

"நான் சொல்லி முடிச்சுட்டேனே, இன்னும் என்ன எழுதற?"

"நான் எழுதி முடிக்கல சித்தப்பா."

தாளைத் திருப்பினாள்.

"படிச்சதுங்களே இப்படித்தான். ஒரு வரி கேட்டா ஒன்பது வரி," என்று சித்தப்பா சிரித்தார். ஏட்டும் சிரித்தார். மூலையில் நின்ற அப்பா சிரிக்கவில்லை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கொண்டா, அண்ணன் ரேகை வைக்கட்டும்."

"வாசிச்சுக் காட்டாம ரேகை வாங்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல அதான் முறை."

"வாசிச்சுத் தொலை."

அவள் எழுந்து தெருப்பக்க ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே நாற்காலி போட்டுத் தெருவே உட்கார்ந்திருந்தது. ஆபீசில் காது மந்தமான கிழவர்களுக்கு வாசிக்கும் குரலை எடுத்தாள்.

"'இறந்தவளின் அக்காவாகிய நான் சுயநினைவோடு எழுதிக்கொடுப்பது. என் தங்கைக்கு வயிற்றுவலி இருந்ததில்லை. அவள் மருந்து குடிக்கவில்லை. நேற்று மாலை ஆறரை மணிக்கு என்னையும் அம்மாவையும் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டவர் சித்தப்பா—'"

"ஏய்!"

"'அவள் அப்பா, அப்பா என்று ஆறு முறை கூப்பிட்டாள். ஏழாவது முறை கூப்பிடவில்லை. காலையில் உடை மாற்றும்போது அவள் கழுத்தில் கயிற்றுத் தடம் பார்த்தேன். அவளை வரச்சொல்லிச் செய்தி அனுப்பியது என் கை. அதையும் விசாரிக்க வேண்டும்.'"

சித்தப்பா தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். "குடும்ப மானத்தைத் தெருவுல கூவி விக்கறியாடி?"

"மானத்தை நீங்கதான் பக்கத்து ரூம்ல படுக்க வெச்சிருக்கீங்களே. போய்ப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

அப்பா சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ரெண்டு பிரதி," என்றாள் அவள். "முதல் பிரதியைக் காலையிலேயே படம் எடுத்து, எங்க ஆபீசுக்கு வர்ற வக்கீலம்மாவுக்கு அனுப்பிட்டேன். அவங்களும் இவ புருஷனும் போலீஸ் மேலதிகாரியைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இவளை இங்கேருந்து யாரும் எடுக்க முடியாது."

ஏட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "எனக்கு எதுவும் தெரியாதுப்பா. கூப்பிட்டீங்க, வந்தேன்."

"யாருடா வெளிய?" சித்தப்பாவின் குரல் உடைந்தது. "வாங்கடா உள்ள. தூக்கி வண்டியில ஏத்துங்க!"

வாசலில் இரண்டு நிழல்கள் தயங்கின.

தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்து அறையிலிருந்து வந்தாள். ஏட்டு எழுந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாசற்படிக்கு நடுவில் போட்டாள். தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்த ஆண்களின் முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீடு பார்த்ததில்லை.

"அண்ணி, எழுந்திருங்க."

அம்மா திரும்பவில்லை. நாற்காலி கொஞ்சம் உயரம். அவள் பாதங்கள் தரையை எட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.