ஓடைத் தண்ணீர் ஊற்றிய தொட்டி

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் சபீஹா நடத்தும் மாண்டிசோரி வகுப்பில் ஒரு விதியை யாரும் மீற முடியாது. பாயில் உட்கார்ந்து வேலை செய்யும் குழந்தையை இடையில் எழுப்பக் கூடாது. விடையையும் அவள் சொல்ல மாட்டாள். பொருளைக் கொடுப்பாள், குழந்தையே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மாதம் இரண்டு தொட்டிகளில் கேழ்வரகு. ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குப் பின்புற ஓடைத் தண்ணீர். கையுறை மாட்டிக்கொண்டு குழந்தைகளே ஊற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் ஓடைத் தொட்டிப் பயிர் மஞ்சளாகிச் சாய்ந்தது. அவர்கள் வரைந்த படங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் சுற்றி, ஓடையின் மேட்டில் இருந்த, உலோகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனிவரை போய்விட்டன.

சபீஹாவின் கணவன் முனீருக்கு அங்கேதான் பதினோரு வருஷ வேலை.

காலை பத்து மணிக்கு அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மேனேஜர் வந்துக்கிட்டிருக்காரு. அந்தத் தொட்டியக் குடு, வீசிட்டு வந்துடறேன்."

தொட்டி, அவர்கள் மகள் ஸோயாவின் பாயில் இருந்தது. ஆறு வயதுக்காரி வாடிய இலைக்கு ஏற்ற வண்ணப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அவ முடிக்கட்டும்."

"வேலை போயிடும், சபீ!"

"தெரியுது." அவள் நகரவில்லை.

வாசலில் கார் நின்றது. மேனேஜர் சுரேந்தர் உள்ளே வந்தபோது ஸோயா நிமிர்ந்து முனீரைப் பார்த்தாள். "அத்தா, இந்த இலை உங்க விரல் மாதிரியே மஞ்சளா இருக்கு. நீங்களும் இந்தத் தண்ணியத் தொட்டீங்களா?"

முனீர் கையைப் பின்னால் மறைத்தான்.

"டீச்சர், என்னத்தச் சொல்லிக் குடுக்கறீங்க இதுங்களுக்கு?" என்றார் சுரேந்தர்.

"நான் எதுவும் சொல்லல சார். அவங்களே பாத்தாங்க."

சுரேந்தர் குனிந்து தொட்டியை எடுக்கப் போனார். முனீர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க சார். வால்வத் தொறந்து கம்பெனிக் கழிவுத் தண்ணிய ஓடையில விடறது நான்தான். நீங்க சொல்லித்தான் தொறந்தேன். யார் கேட்டாலும் சொல்லுவேன்."

சுரேந்தர் கையை உதறினார். "நாளையிலேர்ந்து கம்பெனி கேட்டுப் பக்கம் வந்துடாத."

கார் போனதும் சபீஹா முனீர் பக்கம் திரும்பினாள். "நீங்களா தொறந்தீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்த முகத்த வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

வகுப்பு முடிந்ததும் இருவரும் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள். வழி நெடுக அவள் அவனிடம் பேசவில்லை.

மூன்றாவது வாரம் அதிகாரிகள் வந்து கம்பெனியிலிருந்து ஓடைக்கு வரும் கழிவுக் குழாயை அடைத்தார்கள். முனீருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சபீஹா பேசத் தொடங்கிவிட்டாள். பழையபடி சிரிக்கத்தான் இன்னும் வரவில்லை.