கணவாயில் கொளுத்திய கற்பூரம்

ஊரில் பெருவழியோரத்தில் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் போன வாகனம் ஊர் போய்ச் சேராது என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் என் மனைவி யோகமலர். டென்மார்க்கின் வைலே நகரத்தில் இத்தனை வருடம் குளிரில் விறைத்தும் அந்தப் புத்தி மாறவில்லை. எங்கள் காருக்குள் எப்போதும் ஒரு கற்பூரப் பெட்டி கிடக்கும்.

சுவிசில் கலியாணம் ஒன்று முடிந்து டென்மார்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சுரங்கப்பாதையில் நெரிசல் என்று நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி மலைப்பாதையால் காரை விட்டேன். கணவாய் தாண்டி இறங்க, ஒரு சின்னக் கிராமம். பட்டப்பகலிலும் யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. அந்தக் காலத்தில் கழுதைகளில் உப்பு ஏற்றிப்போன பாதை அது என்று, ஊர் வாசலில் இருந்த பலகையைப் பார்த்து மகள் கஜந்தி வாசித்தாள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு மாடம். அதற்குள் புகை பிடித்த ஒரு கல்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. வழிப்பிள்ளையார் மாதிரிக் கிடக்கு."

"அல்ப்ஸ் மலையிலயும் உமக்குப் பிள்ளையாரோ? விசர்க்கதை கதையாதையும்!"

என் பேச்சை அவள் எப்போது கேட்டாள்? இறங்கிப்போய்க் கற்பூரம் கொளுத்தினாள். "என்ர தம்பி நிரோஜன் வந்து சேரவேணும்" என்று வாய்விட்டுக் கும்பிட்டாள். ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன் நிரோஜன். அவனுக்குத் திவசம் செய்யச் சொன்ன சொந்தங்களோடு அவள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஆர் திவசம் செய்யிறது என்று கேட்பாள்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண், மா பிசைந்த கையோடு ஓடிவந்து ஜேர்மன் மொழியில் பதறினாள். பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்த கஜந்தி, கேட்டதை எனக்கு டெனிஸில் சொன்னாள். பனிக்குள் அகப்பட்டு இறங்கி வராத வியாபாரிகளுக்குத்தான் அந்தக் கல்லில் விளக்கு வைப்பார்களாம். பெயர் சொல்லி வைத்தால், செத்தவர் எழும்பி வந்து, வைத்தவரோடு வீடுவரை போவாராம். உயிரோடு இருக்கிறவர் என்றால் ஒன்றும் நடக்காதாம்.

மலருக்கும் டெனிஸ் விளங்கும். "அப்ப ஒண்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கார் நகர்ந்ததும் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. பின் சீற்றில் யாரோ பெல்ற் போடவில்லை. கஜந்தி போட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்துச் சீற்று வெறுமையாகக் கிடந்தது.

காரை விற்றவனைத் திட்டினேன். நிறுத்தி, சீற்றைத் தட்டிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். எனக்குப் பயம் வந்துவிட்டது, ஏன் மறைப்பான்.

"கஜந்தி, அந்த பெல்ற்றைக் கொழுவிவிடு. சத்தம் நிக்கும்."

"தொடாதை!" மலர் கத்தினாள். "அதில ஒருத்தரும் இல்லை!"

ஜேர்மனி முழுவதும் அந்தச் சத்தத்தோடுதான் வந்தோம். கஜந்தி கதவோடு ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்தியபடி அழுதாள். மலர் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

வைலேயில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தியில், "நிப்பாட்டுங்கோ" என்றாள். இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெறும் சீற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெல்ற்றை இழுத்துக் கொழுவினாள். சத்தம் நின்றது. பெல்ற் சீற்றில் படியவில்லை. ஒரு சாண் முன்னுக்கு, ஒரு நெஞ்சின் மேல் கிடக்கிற மாதிரி நின்றது.

"வீடு வந்திட்டுதடா" என்றாள் அவனுக்கு. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஐயரிட்டைக் கேளுங்கோ. செத்த திதி தெரியாட்டி, எந்த நாளில திவசம் செய்யிறது?"