அகாஸ்ட்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. மனைவியைக் கொன்றதாகக் கூண்டில் நின்ற தையல்காரரைப் பற்றி, வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். உடலைப் பார்த்ததும் தையல்காரர் ‘அகாஸ்ட்’ ஆகி நின்றாராம். அவள் யோசிக்காமல் “ஆச்சரியப்பட்டார்” என்று மொழிபெயர்த்தாள்.

“பொண்டாட்டி செத்துக் கிடக்கிறதைப் பார்த்தா ஆச்சரியமா வரும்?” என்று அரசுத் தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். தண்டனை விழுந்தது.

ஒரு மாதம் கழித்து, வேறொரு வேலைக்காக அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல் கண்ணில் பட்டது. ‘திகிலில் உறைந்துபோன’ என்றிருந்தது. அன்றிலிருந்து எந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாலும் அதில் தையல்காரர் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது.

“யாருக்குத் தெரியப்போகுது, விடு” என்றான் கணவன்.

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

தவறை எழுதி நீதிபதியிடம் கொடுத்தாள். அவள் வேலை போனது, மறுவிசாரணைக்கு உத்தரவானது. அதைச் சொல்லச் சிறைக்குப் போனாள். தையல்காரர் கம்பிக்கு அப்பாலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னைக்கு எனக்கு வந்துச்சே, அதுக்கு ஒரு பேருகூட இருக்காம்மா?” என்றார்.