புனிதன் கையிலிருந்த மவுஸ்

புனிதனைப் புதைத்த மறுநாள் காலை ருக்குமணிக்குப் புருஷனுடைய படம் ஒன்று வேண்டியிருந்தது. மாலை போட்டு வைக்கிற மாதிரி ஒழுங்கான முகம் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது. அதைத் திறக்க மவுஸ் இல்லை. மவுஸ் புருஷனோடு போய்விட்டது.

போனவருக்குப் பிடித்ததைப் பெட்டிக்குள் வைப்பது அந்தத் தோட்டத்தில் வழக்கம். ஒருவருக்கு வெற்றிலை டப்பா, இன்னொருவருக்குப் பந்து. தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சோற்றை மறந்து கம்ப்யூட்டரில் சீட்டாடிய மனுஷனுக்கு வேறென்ன வைப்பது? அவருடைய வலது கைக்குள் அவள்தான் மவுஸைப் பிடித்து வைத்தாள். அடியிலிருக்கும் சுவிட்சை அணைத்தாளா என்று கேட்காதீர்கள். பெட்டி மூடுகிற நேரத்தில் எந்தப் பெண்டாட்டிக்கு அந்த நினைப்பு வரும்?

தம்பி குகன் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஃபாஹ்மியின் கம்ப்யூட்டர் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். இதுவும் வயர் இல்லாததுதான். கம்ப்யூட்டரைப் போட்டு, மவுஸோடு வந்த குட்டி ரிசீவரை முன்பக்கம் செருகினான். பேட்டரி உறையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

"தொட்டியாடா?"

"இன்னும் பேட்டரியே போடலக்கா."

அம்புக்குறி நடுங்கி நின்றது. பிறகு மேலே, கீழே, மறுபடி மேலே. இருட்டில் தீப்பெட்டி தேடுகிற கை மாதிரி இருந்தது.

குகன் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பழைய ரிசீவர் பின்னால இருக்கும் பாருங்க," என்றார் ஃபாஹ்மி. "பழைய மவுஸ யாரோ ஆட்டுறாங்க. பிள்ளைங்க கையில இருக்கும்."

"எவ்ளோ தூரம் எடுக்கும்?" ருக்குமணி கேட்டாள்.

"பத்து மீட்டர் எடுக்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள். லைன் வீடுகளின் வரிசையில் கடைசி வீடு அது. சுவருக்கு அப்பால் ஒரு வரிசை தேயிலை, அதையடுத்து இடுகாடு. மேல்பக்கம் மழையில் சரிந்துவிட்டதால் புனிதனை இந்த ஓரத்தில்தான் புதைத்திருந்தார்கள்.

"குகா, ஒம் மச்சான் உசிரோட இருக்காருடா! முன்னயும் ஒரு தடவ வலிப்பு வந்து கட்டையா கெடந்து எந்திரிச்சாரே!"

"பைத்தியமாக்கா ஒனக்கு? டாக்டர் பாத்துட்டுதானே சொன்னாரு? அவ்ளோ மண்ணுக்குள்ளேருந்து சிக்னல் வராது. ரிசீவர் கெட்டுப் போயிருக்கும்." கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பழைய ரிசீவரைப் பிடுங்கினான். அம்புக்குறி நின்றது. "பாத்தியா? அவ்ளோதான்."

"திரும்பப் போடுடா!" அவள் அதைப் பறித்துத் தானே செருகினாள். தலைகீழாகப் பிடித்ததால் முதலில் நுழையவில்லை. பிறகு நுழைந்தது.

அம்புக்குறி அசையவில்லை.

ஒரு நாளும் புருஷன் பேரைச் சொல்லாதவள் "புனிதா, புனிதா" என்று சுவரை அறைந்தாள். திரையைப் பார்த்தாள். அம்புக்குறி விட்ட இடத்திலேயே கிடந்தது.

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் குகனும் அழுதுகொண்டே ஓடினான். தேயிலைச் செடிகள் காலைக் கிழித்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. தன் புருஷன் செத்தது முந்தாநாளா, இல்லை இந்த நிமிஷமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.