வீட்டுக்கு ஒரு நோட்டு

கேட்டுவிடாதீர்கள் அண்ணே. இன்றைக்கு மட்டும் கேட்காமல் எழுந்து போய்விடுங்கள். நான் பாட்டுக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவேன். நாளைக்கும் நீங்கள் தலைவர், நான் சிஸ்டர். நமக்குள் ஒன்றும் மாறியிருக்காது.

மனதுக்குள் இதைச் சொல்லிக்கொண்டே சகாயமேரி பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். கமிட்டி முடிந்து கால் மணி நேரமாகிவிட்டது. கோரிப்பாளையத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு முகாமை எந்தக் கிழமை வைப்பது என்பதில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் வியாழக்கிழமை என்று முடிவாகியிருந்தது. மற்ற நான்கு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கப்பாண்டி மட்டும் மேசையில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோச்சடையில் நான்கு பேர் மதிக்கும் மனிதர். சிமென்ட், செங்கல் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் இந்த நல்வாழ்வு மன்றத்தைத் தொடங்கியபோது தன் வீட்டின் கீழ்ப்பகுதியை அப்படியே கொடுத்தவர். கட்டடம் என்னுடையது என்று ஒருநாள்கூட வாய் தவறிச் சொன்னதில்லை. முகாம் நாளில் துண்டை எடுத்து நாற்காலிகளைத் தானே துடைப்பார்; நடக்க முடியாதவர்களை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வருவார். இருபத்தேழு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்த சகாயமேரிக்கு, இங்கே தெருத் தெருவாக நடந்து வேலை செய்யலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது அவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் காலைப்பொழுது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் மனைவி அன்னக்கொடி திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள். மகன் விக்ரமுக்கு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்தார்களாம். இரண்டு தெரு தள்ளி, அழகுபாண்டியின் மகள் தமிழ்ச்செல்வி. தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸில் வேலை. பையனுக்குப் பிடித்துவிட்டது. "கண்ணு ரெண்டும் அம்புட்டு அழகு சிஸ்டர்," என்றாள் அன்னக்கொடி. சகாயமேரி ரத்தக்கொதிப்புக் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றியது தளர்ந்துவிட்டது. மறுபடியும் சுற்ற வேண்டியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் தமிழ்ச்செல்விக்கு இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை. மன்றத்துப் பெண்கள் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தால் தெருவே பார்க்கும் என்று அவள் அம்மா அழுதாள். அதனால் தமிழ்ச்செல்வியே தினமும் காலை ஏழரை மணிக்கு இங்கே வந்து, பின்னறையில் மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் பிடிப்பாள். முன்னறையில் மன்றம் நடத்தும் தையல் வகுப்பு இருந்தது வசதியாகப் போயிற்று. யார் கேட்டாலும் தையல் கிளாஸ். ஆறு மாதம் முடிந்தது. நோயும் முழுக்கத் தீர்ந்தது. ஏழு கிலோ கூடியிருந்தாள்.

பெண் பார்த்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அவள் போன் செய்திருந்தாள். "சிஸ்டர், அவர்ட்ட நானே சொல்லிருவேன். மொத மொதப் பேசுறப்பவே. ஆனா நம்பரே இன்னும் குடுக்கல. அதுவரைக்கும்..." என்று நிறுத்தினாள். அதற்குமேல் அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையில்லை என்று நம்பியிருக்க வேண்டும்.

"தங்கச்சி," என்றார் தங்கப்பாண்டி.

எப்போதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். சகாயமேரி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"விக்ரமுக்குப் பாத்திருக்கோம். அன்னக்கொடி சொல்லியிருப்பா."

"சொன்னாங்கண்ணே. சந்தோசம்."

"அழகுபாண்டி நல்ல மனுசன். பொண்ணும் குத்தம் சொல்ல முடியாது." ஸ்டிக்கர் பாதி கிழிந்து வந்தது. "அங்கன பேச்சுவாக்குல இவ ஒண்ணு கேட்டா. நீதான் மன்றத்துல தையல் படிச்ச பிள்ளையாச்சே, எனக்கு ஒரு ரவிக்கை வெட்டித் தாறியான்னு. அது முழிக்குது. மெஷின்ல நூல் சுத்துற பாபின்னா என்னன்னு தெரியல தங்கச்சி. ஆறு மாசம் வந்த பிள்ளைக்கு."

"நம்ம கிளாஸ் லட்சணம் அப்படிண்ணே," என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

அவரும் லேசாகச் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "ஆறு மாசம்னா எந்த மாத்திரைக் கணக்குன்னு எனக்கும் தெரியும். எங்க பெரியக்காவ இருமி இருமியே பறிகுடுத்தோம். நான் அப்ப ஏழாவது படிக்கேன். சட்டியில மண்ணு போட்டு வச்சிருப்பாங்க, துப்புறதுக்கு. நாந்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன். எனக்கு ஒரே மகன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரோரம் இருந்த பீரோவைப் பார்த்தார். அதற்குள்தான் வீட்டுக்கு ஒரு நோட்டு என்று முந்நூற்றுப் பன்னிரண்டு நோட்டுகள், பழுப்பு அட்டை போட்டு, தெருவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, யார் நடுவில் நிறுத்தினார்கள், யார் யாரிடம் மறைக்கிறார்கள், எல்லாம் அவற்றில் இருந்தன. சாவி சகாயமேரியின் இடுப்பில்.

"நீங்க வாயத் தொறக்க வேணாம். ஒங்களுக்கு ஒரு பாவமும் வேணாம். அந்த வீட்டு நோட்ட மட்டும் மேசையில வச்சுட்டு, போய் ரெண்டு டீ சொல்லிட்டு வாங்க. வாரதுக்குள்ள நான் பாத்துட்டு உள்ள வச்சுருவேன்."

கேட்டாயிற்று. வெளியே ஒரு லாரி மணல் தட்டும் சத்தம் கேட்டது.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது பொய்யும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு ஒன்றுமில்லை. ஒரு வார்த்தையில் ஒரு கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்று வருடத்துக்கு முன் கமிட்டியில் இருக்கும் வெள்ளைத்துரை, தம்பி மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி விசாரித்தார். உண்மையிலேயே ஒரு குறையும் இல்லாத பெண். "தாராளமா முடிங்கண்ணே," என்றாள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரவைத்துச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனபோது தன் நடையில் ஒரு மிதப்பு இருந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அடுத்த வருடம் இன்னொருவர், இன்னொரு பெண்ணைக் கேட்டார். அந்தத் தெருவுக்கு நோட்டு எழுத மன்றத்தின் வேறொரு பெண் போய்க்கொண்டிருந்தாள். சகாயமேரிக்கு அந்த வீட்டைத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னாள். சிஸ்டர் மென்னு முழுங்குறாங்க என்று பேச்சாகி, அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அந்த நோட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தாள். பெண்ணின் பெயருக்கு எதிரே உயரம், எடை, ஒரு முறை வந்த கண்வலி. அவ்வளவுதான். அந்தப் பெண் இன்னும் வண்டியில் இந்தப் பக்கமாகத்தான் வேலைக்குப் போகிறாள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. ஆனாலும் சகாயமேரி தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆமாம் என்றாலும் பதில், இல்லை என்றாலும் பதில், சும்மா இருந்தாலும் பதில். பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்ளட்டும், விக்ரமின் நம்பரைக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதையும் விழுங்கினாள். இப்போது அவர் எதையும் ஒரு சைகையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

"அண்ணே, வெள்ளைத்துரை அண்ணன் கேட்டப்ப நான் சொன்னேன்ல, அது நான் செஞ்ச தப்பு," என்றாள். குரல் அவள் பயந்ததைவிட நிதானமாகவே வந்தது. "நல்லதாத்தான சொன்னேன்னு நெனச்சேன். நல்லதச் சொன்னாலும் தப்புதான். ஒரு வீட்டுக்குச் சொல்லிட்டா, சொல்லாத வீடெல்லாம் என்ன ஆகும்? இனி எந்த வீட்டுக்கும் சொல்றதா இல்ல. நோட்டையும் எடுக்கிறதா இல்ல."

"அப்ப ஏதோ இருக்கு."

"இப்படித்தான் நெனப்பீங்கன்னு தெரியும்ணே. ஒண்ணுமே இல்லாத வீடா இருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன். ஒங்களால அத நம்ப முடியாது. நம்ப முடியாதபடி பண்ணது நாந்தான்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கட்டடத்தின் பேச்சு இன்றைக்காவது வரும் என்று நினைத்தாள். அவர் எழுந்து பீரோ வரைக்கும் போனார். கைப்பிடியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று, அதன் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்த தெருப் பெயர்களைப் படித்தார். முதலில் அவருடைய தெரு.

"மொத நோட்டு எங்க வீட்டோடது," என்றார் தனக்குத்தானே சொல்வது போல. "நோட்டு எழுதப் போனப்ப யாரும் கதவத் தொறக்காம இருந்தாங்க. நாந்தான் முக்குல நின்னு சொன்னேன். எங்க வீட்டத்தான் மொதல்ல எழுதப் போறாங்க, நானே தொறந்து பாக்க மாட்டேன்னு."

"ஆமாண்ணே."

"நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல."

"தெரியும்ணே."

பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறியது. திரும்பி அவளைப் பார்த்தார். "அதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்த ஒரு புதன்கிழமை, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று அன்னக்கொடி வந்து நின்றதும், இருவரும் ஆட்டோவில் ஸ்கேன் எடுக்கப் போனதும், திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சகாயமேரியின் கையை விடாமல் பிடித்திருந்ததும் அதில் இல்லை. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. ஒன்றுமில்லைதான். இருந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர், கேட்டாலே மனுசன் படுத்துருவாரு என்று அவள் சொல்லியிருந்தாள்.

"எங்க வீட்டு நோட்டு. அதத் தரலாம்ல? என் வீடுதானே."

"இல்லண்ணே."

"ஏன், அவளுக்கு ஏதும்..."

"அண்ணிகிட்டக் கேளுங்க. பேசிக்கங்க. நான் தர மாட்டேன்."

அவர் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒரு பெண்ணின் நோயைத் தெரிந்துகொள்ள வந்தவர், தன் வீட்டுச் சமையலறையில் காலையில் தனக்கு இட்லி எடுத்துவைத்த பெண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று யோசிக்கிறவர் போலிருந்தார். அப்படித்தான் யோசித்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. அவர் மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்தில் வாய் திறந்துவிடக் கூடாது என்று நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"தொண்ட காயுது," என்றார். "ரெண்டு டீ சொல்லிட்டு வாங்களேன் தங்கச்சி."

முதலில் கேட்டதைத்தான் மறுபடி கேட்கிறாரா, உண்மையிலேயே தாகமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அவருக்குமே தெரிந்திருக்காது என்று பட்டது. அடுக்கியதிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, பீரோவுக்கு முன்னால் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பில் ஒன்று உடனே காலில் ஏறியது. மற்றதைப் பாதத்தால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பிறகு வெயிலில் இறங்கி, பிறந்து வளர்ந்த அந்தத் தெருவில், டீக்கடை எந்தப் பக்கம் என்று மறந்தவர் போல இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.